மஞ்சள் குட்டியும் ஒட்டடைக் குச்சியும்!



போன செமஸ்டர், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேப் வைவா. எதிரே எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். பார்க்க ரொம்ப சாந்தமான மனுஷன். அந்த மாதிரி ஆளுங்கதான் டேஞ்சர்னு சீனியர்ஸ் சொல்லியிருந்தாங்க. நான்தான் கேக்கலை.

‘‘அன்ஸ்டேபிள் சிஸ்டம்னா என்னப்பா?’’

ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணின டெஃபனிஷனை மூச்சு விடாம ஒப்பிச்சேன். சார் பொறுமையா தலையாட்டினார்.

‘‘சரி, ஒரு உதாரணம் சொல்லு. புக்ல இருக்கறது வேண்டாம். உனக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு.’’

அவ்வளவுதான்! லேப்ல ஃபேன் சுத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அரை நிமிஷம் கழிச்சு, ‘‘அடுத்த ஆளை வரச் சொல்லு’’ன்னார். மார்க் என்னன்னு கேக்காதீங்க, ப்ளீஸ். பாஸ், ஆனா ஜஸ்ட் பாஸ்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னது யார் தெரியுமா? எங்க தாத்தாவைவிட வயசான ஒரு குட்டி விமானம்! இந்த வார மேட்டர் அதுதான்.

டீ ‘கப்’ இல்லைங்க!

பேரு, பைப்பர் ஜே-3 கப். ‘கப்’னதும் டீ ஞாபகம் வந்தா அது உங்க தப்பில்லை, கேன்டீன் தப்பு. இது கரடிக்குட்டி, சிங்கக்குட்டினு சொல்வோமே, அந்த ‘குட்டி’. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் லாக் ஹேவன் என்கிற சின்ன ஊரில் பிறந்தது. 1937-ல் பிராட்ஃபோர்டில் இருந்த ஃபேக்டரி தீப்பிடித்து எரிய, பைப்பர் கம்பெனி லாக் ஹேவனில் மூடிக் கிடந்த ஒரு பட்டு மில்லுக்குக் குடி வந்தது. அங்கிருந்து 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 குட்டிகள் பறந்து போயின. உடம்பு முழுக்க மஞ்சள் பெயின்ட், பக்கவாட்டில் ஒரு கறுப்பு மின்னல் கோடு. அப்படியே அள்ளிக் கொஞ்சலாம் போல இருக்கும்.

புள்ளிவிவரம் கேளுங்க. காலி விமானத்தின் எடை சுமார் 347 கிலோ. ரெண்டு புல்லட்டை நிறுத்தி வச்சா அதைவிட கனம்! இன்ஜின் 65 குதிரைசக்தி. நம்ம ஊர் சின்ன கார்ல இருக்கிற அதே அளவு பவர்தான். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். எதிர்க்காத்து பலமா அடிச்சா, கீழே ஹைவேயில போற கார் உங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகும். ‘இதுக்கு எதுக்குடா பறக்கணும்?’னு கேக்கறீங்களா... வெயிட் பண்ணுங்க, வர்றேன்.

இரண்டாம் உலகப் போர் நெருங்கின சமயத்துல, அமெரிக்க அரசு சாதாரண இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கத்துக் கொடுக்க ஒரு திட்டம் போட்டது. காலேஜ்களை வச்சே நடத்தினாங்க. 1944-ல் திட்டம் முடியறதுக்குள்ள 4 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க கத்துக்கிட்டாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு முதல் வாத்தியார் இந்த மஞ்சள் குட்டிதான். அதாவது, நம்ம வயசுப் பசங்களுக்காகவே ஓடா உழைச்ச விமானம்!

சாவி இல்லை... கைதான்!

சரி, கற்பனை பண்ணிக்குங்க. நீங்கதான் பைலட். வலது பக்கக் கதவு ரெண்டா பிரியும். மேல் பாதியைத் தூக்கி இறக்கையில மாட்டணும், கீழ்ப் பாதியைத் தொங்க விடணும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்னு ரெண்டு சீட். தனியா பறக்கிறதா இருந்தா பின் சீட்லதான் உட்காரணும். இல்லைன்னா பேலன்ஸ் கெட்டுடும்.

ஸ்டார்ட்டர் எங்கேன்னு தேடறீங்களா? கிடையாது. பேட்டரி? அதுவும் கிடையாது. அசல் ஜே-3-ல கரன்ட்டே இல்லை பாஸ்! ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டும், இன்ஜின் சுத்தும்போது மேக்னெட்டோ தயார் பண்ணிக் கொடுக்கும். அப்ப இன்ஜினை யார் சுத்துறது? வெளியே நிக்கிற ஒரு ஆள், கையால புரொப்பல்லரைப் பிடிச்சு இழுத்து விடணும். பழைய ஸ்கூட்டருக்கு கிக் அடிக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க. என்ன, இங்கே கொஞ்சம் அசந்தா கையோ தலையோ போயிடும்.

அதனால இதுக்குன்னு ஒரு மந்திரமே இருக்கு. வெளியே இருக்கிறவர் ‘ஸ்விட்ச் ஆஃப்?’னு கத்துவார். உள்ளே இருக்கிறவர் ஸ்விட்ச்சைப் பார்த்துட்டு ‘ஸ்விட்ச் ஆஃப்!’னு திருப்பிக் கத்தணும். அப்புறம் பிரேக், அப்புறம் த்ராட்டில். கடைசியா, ‘கான்டாக்ட்!’ சினிமா வசனம் மாதிரி இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் உயிர் சமாச்சாரம்.

இதுல இன்ஜினீயரிங் பசங்க கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. வீட்டு ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணினா சர்க்யூட் அறுந்து கரன்ட் நிக்கும். மேக்னெட்டோ ஸ்விட்ச் அப்படியே உல்ட்டா! ஆஃப் பண்ணினா மேக்னெட்டோவை ‘எர்த்’ பண்ணும். அந்த எர்த் ஒயர் எங்கேயாவது அறுந்திருந்தா, ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் இன்ஜின் உயிரோட இருக்கும். சும்மா புரொப்பல்லரை நகர்த்தினாக்கூட ‘டப்’னு பத்திக்கலாம். அதனால, ஆஃப்ல இருக்கிற புரொப்பல்லரையும் ஆன்ல இருக்கிறதா நெனச்சுதான் தொடணும். பழைய விமானக்காரங்களோட முதல் பாடமே இதுதான்.

கவனம் பிசகினா என்ன ஆகும்? 1997-ல் ஓஹையோ மாநிலத்தில் நடந்த கூத்து இது. ஏரோன்கா சாம்பியன்னு குட்டியோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு விமானம். கையால ஸ்டார்ட் பண்ணதும், ஓனரைக் கீழேயே விட்டுட்டு, ஆளே இல்லாம தானா கிளம்பிப் பறந்துடுச்சு! ரொம்ப நேரம் ஊர் சுத்திட்டு, கடைசியில தூரத்துல ஒரு வயல்ல போய் விழுந்தது. நல்லவேளை, கீழே யாருக்கும் எதுவும் ஆகலை. கேக்க காமெடியாத்தான் இருக்கு. அந்த ஓனர் இடத்துல நின்னு பாருங்க, வயித்தைக் கலக்கும்.

ஆயிரம் அடியில் ஒரு ஜன்னல் சீட்

இன்ஜின் ஓடுது. கிளம்பலாமா? முன்னாடி பார்த்தா ஒண்ணுமே தெரியாது! வால்ல ஒரு குட்டிச் சக்கரம், முன்னாடி ரெண்டு பெரிய சக்கரம். அதனால தரையில நிக்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்துட்டு இருக்கும். பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு, பக்கவாட்டுல எட்டிப் பார்த்துத்தான் ரன்வே வரைக்கும் போகணும்.

த்ராட்டிலைத் தள்ளுங்க. வால் மெதுவா தூக்கும். இப்பத்தான் எதிரே ரன்வே தெரியும். ‘அடடே’ன்னு சந்தோஷப்படறதுக்குள்ள சக்கரம் தரையை விட்டுடும்.

அப்புறம்தான் ‘எதுக்குடா பறக்கணும்?’ங்கிற கேள்விக்குப் பதில். கதவு திறந்தே இருக்கு. மணிக்கு 120 கிலோமீட்டர், ஆயிரம் அடி உயரம். ஏர்பஸ்ல 35,000 அடியில போனா கீழே மேப் தெரியும். இங்கே மாடு தெரியும்! வயல்ல டிராக்டர் ஓட்டறவர் நிமிர்ந்து பார்த்துக் கையசைச்சா, நீங்களும் கையசைக்கலாம். வெட்டின புல் வாசனை மேலே வரும். ஒரு பெரிய மேகத்தோட நிழல் வயல் மேல நகர்றதைப் பக்கத்துல போய்ப் பார்க்கலாம்.

பெட்ரோல் மீட்டர்தான் சூப்பர். கண்ணாடிக்கு முன்னாடி, டேங்க் மூடியில இருந்து ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். உள்ளே அதோட முனையில ஒரு கார்க் மிதக்கும். பெட்ரோல் குறையக் குறைய கம்பியும் உள்ளே இறங்கும். டேங்க்ல 45 லிட்டர்தான். சென்சார், டிஸ்ப்ளே, சாஃப்ட்வேர் எதுவும் இல்லை. ஆர்க்கிமிடீஸ் மட்டும்தான்!

ஆனா ஜாலியா இருக்குன்னு அசந்துடக் கூடாது. நல்ல சுகமான 20 டிகிரி வெயில்லகூட இன்ஜினுக்குள்ளே ஐஸ் கட்டும்னா நம்புவீங்களா? கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கும். குறுகின பாதையில காத்து வேகமா போகும்போது பிரஷரோட வெப்பமும் இறங்கும். காத்துல ஈரம் இருந்தா அது அங்கேயே உறைஞ்சு பாதையை அடைச்சிடும். இன்ஜின் சத்தமில்லாம சோர்ந்து போகும். ‘கார்ப் ஹீட்’னு ஒரு குமிழை இழுத்து, சூடான காத்தை உள்ளே விடணும். தெர்மோ பேப்பர்ல எழுதிட்டு மறந்த விஷயம், அங்கே உயிரைக் காப்பாத்தும்.

இறங்கின பிறகுதான் ஆட்டமே!

உண்மையைச் சொல்லிடறேன். நான் கப் விமானத்துல உட்கார்ந்ததே இல்லை. என் ரூம்மேட் லேப்டாப்ல ஃப்ளைட்கியர்னு ஒரு இலவச சிமுலேட்டர் இருக்கு. அதுல இந்தக் குட்டியும் இருக்கு. ஒரு செகண்ட் ஹேண்ட் ஜாய்ஸ்டிக்கோட மூணு ராத்திரி உட்கார்ந்தேன். கிளம்பறது ஈஸி. பறக்கறது அதைவிட ஈஸி. இறங்கறதும் ஓகே, மூணு சக்கரமும் அழகா தரையைத் தொடும். ‘ஹையா!’ன்னு ஜாய்ஸ்டிக்கை லூஸா விடுவேன். அடுத்த ரெண்டாவது செகண்ட் மூக்கு லேசா இடது பக்கம் திரும்பும். நான் வலது பக்கம் திருப்புவேன். அது இன்னும் இடது பக்கம் போகும். பயந்து போய் முழுசா வலது பக்கம் திருப்புவேன். இப்ப வலது பக்கமா ஒரே சுத்து! இறக்கை தரையில உரசும், புரொப்பல்லர் உடையும், கேம் ஓவர்.

இதுக்குப் பேரு ‘கிரவுண்ட் லூப்’. வால்சக்கர விமானங்களோட பரம்பரை வியாதி. காரணம் சிம்பிள். முன்னாடி இருக்கிற ரெண்டு பெரிய சக்கரங்களுக்குப் பின்னாடிதான் விமானத்தோட எடை மையம் இருக்கு. நேரா ஓடற வரைக்கும் பிரச்னை இல்லை. லேசா திரும்ப ஆரம்பிச்சா, பின்னாடி இருக்கிற எடை நேரா போகத்தான் பார்க்கும். அது வாலை வெளியே தள்ளும். வால் வெளியே போகப் போக திருப்பம் இன்னும் கூடும். கூடக் கூட இன்னும் வேகமா தள்ளும். மூக்குல சக்கரம் இருக்கிற இந்தக் கால விமானங்கள்ல எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னாடி இருக்கும். லேசா திரும்பினாலும் அதுவே நேராக்கிக்கும்.

நாப்பதாவது தடவை உடைச்சப்ப ரூம்மேட் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். அப்புறம் மூலையில இருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்து, உள்ளங்கையில செங்குத்தா நிறுத்தினான். நாம எல்லாரும் சின்ன வயசுல பண்ணினதுதான். குச்சி நிக்குது. அவன் கை மட்டும் ஒரு செகண்ட்கூட நிக்கலை. துளித்துளியா ஆடிக்கிட்டே இருந்தது.

‘‘விழ ஆரம்பிச்ச பிறகு பிடிக்க முடியாதுடா. விழலாமான்னு யோசிக்கும்போதே பிடிக்கணும்’’னான்.

டமால்! அன்ஸ்டேபிள் சிஸ்டம்! புக்ல இல்லாத உதாரணம்! அது என் ரூம் மூலையிலேயே இத்தனை நாளா ஒட்டடையோட நின்னுட்டு இருந்திருக்கு, மக்களே.

அன்னிக்கு ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன். தரையைத் தொட்ட பிறகும் கை ரட்டரை விடவே இல்லை. துளி இடது, துளி வலது. நாப்பத்தி மூணாவது தடவை குட்டி நேரா ஓடி, சமத்தா நின்னுச்சு. நான் போட்ட சத்தத்துல வார்டன் வந்துட்டார், அது தனிக் கதை. அமெரிக்காவுல பைலட் லைசென்ஸ் வச்சிருந்தாக்கூட, வால்சக்கர விமானத்தைத் தனியா ஓட்ட பயிற்சியாளர்கிட்ட தனி ஒப்புதல் வாங்கணும். ஏன்னு எனக்கு இப்ப நல்லாவே புரியுது. ‘விமானத்தைக் கட்டிப் போடற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இரு’ங்கிறது அந்த பைலட்டுகளோட பழமொழி.

வயசாயிடுச்சு... என்ன பண்றது?

கையும் காலும் பழகினா மட்டும் போதுமா? போதாது. கிழவர் உடம்பையும் கவனிக்கணும்.

நம்ம ‘இண்டியானா ஜோன்ஸ்’ ஹாரிசன் ஃபோர்டு இருக்காரே, அவர் பழைய விமானப் பைத்தியம். 2015 மார்ச் 5-ம் தேதி, 1942-ல் செய்த ரயன் பி.டி-22 பயிற்சி விமானத்துல கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவுல இருந்து கிளம்பினார். கொஞ்ச நேரத்துலயே இன்ஜின் படுத்துடுச்சு. ரன்வேக்குத் திரும்பப் பார்த்தார், முடியலை. பக்கத்துல இருந்த கோல்ஃப் மைதானத்துல இறக்கினார். பலத்த அடி, ஆனா உயிர் பிழைச்சார். விசாரணை அறிக்கை சொன்ன காரணம் என்ன தெரியுமா? கார்புரேட்டருக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன ஜெட், காலப்போக்குல மரை கழண்டு வெளியே வந்திருந்தது. தோள் பெல்ட்டை விமானத்துல சரியா பொருத்தாததும் காயத்தை அதிகமாக்கியிருக்கு. ஹீரோவா இருந்தாலும் ஸ்க்ரூ ஸ்க்ரூதான்!

அப்புறம் துணி. ஆமாங்க, கப்போட இறக்கை மேல இருக்கிறது தகரம் இல்லை, துணி! அந்தக் காலத்துல காட்டன் துணியை இழுத்துக் கட்டி, ‘டோப்’னு ஒரு திரவத்தைப் பூசி விறைப்பாக்கினாங்க. வெயில்ல அது நாளாக ஆக இத்துப் போகும். இப்ப பாலியஸ்டர் துணி போடறாங்க. ஆனாலும் இறக்கையோட எலும்புக்கும் துணிக்கும் நூல் கோத்துக் கையால தைக்கணும். அந்தத் தையல் தெரிஞ்சவங்க தலைமுறையும் நரைச்சுக்கிட்டே வருது.

இன்னொரு நெருடல், பெட்ரோல். அங்கே குட்டி விமானங்கள் குடிக்கிற பெட்ரோல்ல ஈயம் கலந்திருக்கு. அந்தப் புகை மக்கள் உடம்புக்குக் கெடுதல்னு அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2023 அக்டோபர்ல முடிவா சொல்லிடுச்சு. ‘பாரம்பரியம்’னு சொல்லிட்டு ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிற குழந்தைக்கு ஈயத்தைக் கொடுக்க முடியுமா? முடியாதுதான். இதுல நம்ம குட்டிக்கு ஒரு லக். அந்தச் சின்ன இன்ஜின் குறைஞ்ச ஆக்டேனுக்காகச் செய்தது. தனி அனுமதி வாங்கினா, எத்தனால் கலக்காத கார் பெட்ரோல்லயே ஓடிக்கும்.

அப்புறம் ஏன் விட மாட்டேங்கறாங்க?

இவ்வளவு ரோதனை பிடிச்சதை மியூசியத்துல வச்சுட்டுப் போகலாமே? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா 1986-ல ஆரம்பிச்சு, ஜூன் மாசமானா லாக் ஹேவனுக்கு இந்தக் குட்டிகள் பல மாநிலத்துல இருந்தும் பறந்தே வருதுங்க. பொறந்த வீட்டுக்கு வர்ற பொண்ணுங்க மாதிரி! ரன்வே ஓரப் புல்வெளியில வரிசையா நிறுத்திட்டு, இறக்கைக்குக் கீழேயே டென்ட் போட்டுத் தூங்குவாங்க.

நம்ம நாட்டுலயும் ஒருத்தர் இருந்தார். 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா, ‘புஸ் மாத்’ங்கிற குட்டி விமானத்துல கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து அவரோட சகா நெவில் வின்சென்ட், தபாலை நம்ம மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிட்டு வந்தார். சரியா 50 வருஷம் கழிச்சு, 1982-ல அதே பாதையில ஜே.ஆர்.டி. மறுபடி பறந்தார். விமானம், அந்தக் காலத்து ‘லெப்பர்ட் மாத்’. அப்ப அவருக்கு வயசு 78! அவர் நெனச்சிருந்தா ஏர் இந்தியா ஜம்போல கால் நீட்டி உட்கார்ந்து வந்திருக்கலாம். மாட்டேன்னுட்டார்.

எனக்குத் தோணறது இதுதான். பெரிய ஜெட், நாம பண்ற தப்பை கம்ப்யூட்டரை வச்சு பாதி மறைச்சிடும். அதனாலதான் லட்சக்கணக்கான பேர் பத்திரமா ஊர் போய்ச் சேர்றாங்க, அது வேணும். ஆனா மஞ்சள் குட்டி எதையும் மறைக்காது. கால் தூங்கினா உடனே காட்டிக் கொடுத்துடும். படிச்சது மண்டையில இருக்கா, கை காலுக்கு இறங்கியிருக்கான்னு அதுக்குத் தெரிஞ்சுடும். எனக்கு வைவா வச்ச சார் மாதிரியே!

போன வாரம் அந்த சார் வேற ஒரு பேட்சுக்காக எங்க காலேஜுக்கு வந்திருந்தார். தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு ஸ்டாஃப் ரூம் வாசல்ல போய் நின்னேன். ‘‘சார், போன செமஸ்டர் நீங்க கேட்ட உதாரணம்...’’னு ஆரம்பிச்சு, குட்டி, கிரவுண்ட் லூப், ஒட்டடைக் குச்சின்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடிச்சேன். சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

‘‘மார்க்கை எல்லாம் மாத்த முடியாதுப்பா.’’

‘‘தெரியும் சார்.’’

‘‘அந்த சாஃப்ட்வேர் பேரு என்ன சொன்னே?’’

சொன்னேன். சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்து எழுதிக்கிட்டார்!

சரி மக்களே, உங்க ரூம் மூலையிலயும் ஒரு ஒட்டடைக் குச்சி கண்டிப்பா இருக்கும். ஒரு தடவை உள்ளங்கையில நிறுத்திப் பாருங்க. அப்படியே ஒட்டடையும் அடிச்சிடுங்க, வார்டன் சந்தோஷப்படுவார்.

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!